மழைக்காலத்தில் தொட்டித் தாமரை: கொழும்பு வளவுக்கான முழுமையான வழிகாட்டி

ஐப்பசி பிறந்து பத்து நாள் ஆனால் போதும், யாராவது ஒருவர் தொலைபேசியில் கேட்பார்: "அண்ணா, தாமரை இலையெல்லாம் மஞ்சளாகிப் போச்சு, என்ன செய்யிறது?" அந்த நேரத்தில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. செய்ய வேண்டியதில் பாதி ஆவணியிலும் புரட்டாதியிலும் முடிந்திருக்க வேண்டும். மீதிப் பாதி தைப்பொங்கலுக்குப் பிறகு. இடையில் கிடக்கும் மாதங்களில் தொட்டிக்குள் கையை விடாமல் இருக்கத் தெரிந்தால் சரி.

வெள்ளவத்தையில் என் பின்வளவில் நான்கு தொட்டிகள் இருக்கின்றன. முதல் இரண்டு வருடமும் மார்கழி முடிவதற்குள் எல்லாவற்றையும் அழுக விட்டவன் நான். அதனால்தான் எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை என்பதில் இவ்வளவு பிடிவாதம்.

1. குளிர்நாட்டு முறையை இங்கே செய்யாதீர்கள்

தாமரையைக் குளிர்காலத்தில் காப்பாற்றுவது எப்படி என்று தேடினால் வரும் காணொளிகள் பெரும்பாலும் பனி விழும் நாடுகளில் எடுத்தவை. "இலை வாடியதும் தொட்டியைக் குளத்தின் ஆழத்துக்கு இறக்குங்கள்" என்பார்கள். அங்கே அது சரி. கிழங்கு உறைந்தால் செத்துவிடும். ஐஸ் மேற்பரப்பில்தான் பிடிக்கும், அடியில் தண்ணீர் 4 பாகை அளவில் உறையாமல் நிற்கும். அந்தக் குளிரில் கிழங்கு தூங்குகிறது, மூச்சு விடுவதும் மிகக் குறைவு.

கொழும்பில் மார்கழியிலும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. கிழங்கு முழுதாகத் தூங்காது, மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு வேண்டிய காற்று இலை வழியாகத் தண்டுக்குள் இறங்கித்தான் சேற்றுக்குப் போகிறது. இலையை மூழ்கடித்தால் கிழங்கு மூச்சுமுட்டி அழுகும். தெஹிவளையில் எனக்குத் தெரிந்த ஒருவர் காணொளியை அப்படியே பார்த்து, நல்லாயிருந்த தொட்டியை மூன்றடி ஆழத்தில் இறக்கினார். தை மாதம் வெளியே எடுத்தபோது கறுத்த சேறும் முட்டை அழுகின மணமும்தான் மிச்சம்.

இங்கே தாமரைக்கு எதிரி குளிர் இல்லை. தொட்டியை நிரப்பும் மழையும், வாரக்கணக்கில் வெயிலை மறைக்கும் முகிலும்தான். கொழும்பில் வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சித்திரை, வைகாசியில் ஒரு உச்சம். ஐப்பசி, கார்த்திகையில் இன்னொன்று. முதலாவதைத் தாமரை சமாளித்துவிடும், ஏனென்றால் அப்போது அது வளரும் வேகத்தில் இருக்கிறது. இரண்டாவதுதான் ஆளை விழுத்துவது.

2. முதலில், உங்களிடம் இருப்பது என்ன?

இலையில் ஒரு பக்கம் வெட்டு இருந்து, அது தண்ணீரிலேயே படுத்துக் கிடந்தால் அது அல்லி. சிங்களத்தில் மானெல் என்பதும் ஓலு என்பதும் அந்த இனம்தான். இந்தக் குறிப்பு அதற்கானது அல்ல. அல்லி மழைக்கெல்லாம் அவ்வளவு அசையாது. இலை வெட்டில்லாமல் முழு வட்டமாக, தண்ணீருக்கு மேலே குடை மாதிரி நிமிர்ந்து நின்று, மேலே விழும் தண்ணீர் முத்தாக உருண்டால் அது தாமரை.

தாமரையிலும் இரண்டு போக்கு உண்டு. சீன, ஜப்பானிய வகைகளும் சின்னக் கிண்ணத் தாமரைகளும் வளர்ச்சி ஓய்ந்ததும் தடித்த கிழங்கு வைக்கும். வெப்பநாட்டு வகைகள் வருடம் முழுக்க மெல்லிய கொடியாக ஓடிக்கொண்டே இருக்கும். என் தொட்டியில் உள்ளூர்க் குளத்துத் தாமரை பென்சில் தடிப்பைத் தாண்டியதே இல்லை. இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய காரணம் பிறகு கிழங்கு எடுக்கும்போது வரும். விற்றவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

3. ஆவணி முடிவதற்குள் கையில் இருக்க வேண்டியவை

அடியில் ஓட்டையில்லாத வட்டமான பேசின் அல்லது தொட்டி, 60 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் உயரம். சதுரமானதை வாங்காதீர்கள். கிழங்கின் நுனி சுவரைத் தொட்டதும் திரும்பி ஓட வேண்டும். மூலையில் முட்டினால் அங்கேயே நசிந்து முறியும்.

களிமண்ணும் வேண்டும். எங்கள் பக்கம் கடற்கரை மணல், ஒன்றுக்கும் உதவாது. ஹோமாகம பக்கத்து வயல் மண் கிடைத்தால் அதைப் போல ஒன்று இல்லை. பத்தரமுல்லை தியத்த உயனப் பக்கம் செடி வாங்கப் போகிறவர்கள் அங்கேயே விற்கும் பூச்சட்டி மண்ணையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதில் தும்புத்தூள் கலந்திருக்கும். தண்ணீர் விட்டதும் அது மிதக்கும், கூடவே கிழங்கையும் மேலே கொண்டுவரும்.

எருவும் வேண்டாம். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது நானும் ஆட்டெருவைச் சேற்றில் கலந்து பார்த்தேன். மூன்றாம் நாள் தொட்டி சோடாப் போத்தல் மாதிரிக் குமிழி விட்டது. பத்தாம் நாள் மதிலுக்கு அந்தப் பக்கத்து அன்ரி, "தம்பி, ஏதும் எலி கிலி செத்துக் கிடக்குதோ?" என்று கேட்டார்.

இவற்றோடு கூரான கத்தரிக்கோல், ஓரங்குல ஓட்டை போடும் துளைகருவி, நுளம்பு வலைத் துண்டு, ஏழெட்டுக் கப்பி மீன், ஒரு சாக்கு. இவ்வளவும் போதும்.

4. ஆவணி கடைசி: உரத்தை நிறுத்துங்கள்

இங்கேதான் ஆசை கெடுக்கிறது. சரஸ்வதி பூசைக்குச் சொந்தத் தாமரை வைக்க வேண்டும் என்று புரட்டாதியில் இரட்டிப்பு உரம் போடுவார்கள். நானும் போட்டிருக்கிறேன். பூ வந்ததோ இல்லையோ, இளம் இலைகள் மளமளவென்று வந்தன. அடுத்த மாதம் மழை தொடங்கியதும் அந்த மெத்தென்ற இலைகள்தான் முதலில் சாய்ந்தன. அழுக்கணவன் பூச்சி மொய்த்ததும் அவற்றில்தான்.

இன்னொரு காரணம், மழையில் தொட்டி வழியும்போது உரமும் கரைந்து போகும். போகாமல் நிற்பது பாசிக்குச் சாப்பாடு. ஆவணி கடைசியில் ஒரு தடவை, அளவாக. அதன் பிறகு தை வரைக்கும் ஒன்றும் இல்லை.

5. புரட்டாதி: ஓட்டை போட்டு, வெயிலுக்கு நகர்த்துவது

இரண்டும் ஒரே நாள் வேலை. எப்படியும் தண்ணீரை இறைக்க வேண்டும் என்பதால் சேர்த்தே செய்யுங்கள்.

சேற்றுக்கு மேல் நான்கு விரல் தண்ணீர் நிற்கும் வரை இறைக்கவும். முழுக்க வடிக்க வேண்டாம்; வெயிலில் சேறு மேலே காய்ந்து வெடித்தால் வேர் அறும். பிறகு வழிந்தோடும் ஓட்டை. அடியில் 15 சென்டிமீட்டர் சேறு, அதன் மேல் 15 சென்டிமீட்டர் தண்ணீர் என்பது மழைக்கால அளவு. ஆகவே ஓட்டை, தொட்டியின் உள் அடியிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் வர வேண்டும். வலைத் துண்டை உள்பக்கமாக வைத்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே கப்பி எல்லாம் வாய்க்காலுக்குப் போய்விடும்.

ஓட்டை ஒன்று போதாது, எதிரெதிரே இரண்டு போடுங்கள். ஒரு வருடம் ஒரேயொரு ஓட்டை போட்டிருந்தேன். மாவிலை ஒன்று வந்து வலையில் ஒட்டி, இரவு முழுக்கப் பெய்த மழையில் தண்ணீர் விளிம்பு வரை ஏறிவிட்டது. மிதக்கும் இலைகளின் தண்டு எட்டாமல் எல்லாம் நீருக்கடியில். இரண்டு மூன்று நாள் அப்படிக் கிடந்தால் இலை கொழகொழத்துவிடும்.

அடுத்தது இடம். வளவில் ஆடி மாதம் நல்ல வெயில் விழும் மூலை மார்கழியில் இருட்டாக இருக்கலாம். காரணம், சூரியன் கொழும்பின் உச்சிக்கு நேர் மேலே வருவது வருடத்தில் இரண்டு தடவைதான்: ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும். மார்கழியில் நடுப்பகல் சூரியன் உச்சியிலிருந்து 30 பாகை தெற்கே சாய்ந்து நிற்கும். ஏழு மீட்டர் உயர மாடிவீடு என்றால் நடுப்பகலிலேயே அதன் நிழல் வடக்கே நான்கு மீட்டருக்கு விழும். ஆக, வீட்டுக்கோ மதிலுக்கோ வடக்கே ஒட்டி வைத்த தொட்டி மூன்று மாதம் நிழலில் கிடக்கும். ஏற்கனவே முகில், அதற்கு மேல் நிழல் என்றால் எப்படித் தாங்கும்? மழை தொடங்குமுன் தெற்குத் திறந்த இடத்துக்கு மாற்றுங்கள். ஆறு மணிநேர வெயில் இலக்கு.

நிரம்பிய தொட்டியைத் தூக்க நினைக்காதீர்கள். சேறும் தண்ணீருமாக 130 கிலோ வரும். நீரை இறைத்தபின், இரண்டு பேர் சேர்ந்து சாக்கின் மேல் ஏற்றி இழுத்தால் முறியாது, இடுப்பும் பிழைக்கும். மாடிக் குடியிருப்பில் பால்கனியில் வைக்கிறவர்கள் இந்த நிறையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புது இடத்துக்கு மேலே கூரைப் பீலி ஒழுகுகிறதா என்று பாருங்கள். பீலித் தண்ணீர் நேராகத் தொட்டிக்குள் கொட்டினால் சேறு கிளம்பி, கிழங்கு வெளியே தெரிய ஆரம்பிக்கும்.

6. ஐப்பசி, கார்த்திகை: எந்த இலையை வெட்டலாம்

அதிகம் பேர் தாமரையைச் சாகடிப்பது இந்த இடத்தில்தான். இலை மஞ்சளாகிறது, பார்க்க அழகில்லை, கத்தரிக்கோலை எடுக்கிறார்கள்.

ஒரு தாமரைத் தண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பால் கசியும், நூல் நூலாக இழுபடும், நடுவில் சின்னதும் பெரியதுமாகத் துளைகள் தெரியும். அந்தத் துளைகள் இலையிலிருந்து கிழங்கு வரைக்கும் போகின்றன. வெயில் ஏறிய காலையில் இலையின் நடுவில் இருக்கும் வெளிறிய வட்டத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குமிழி குமிழியாகக் காற்று வரும். கிழங்கு வரைக்கும் போய்ச் சுற்றித் திரும்பும் காற்று அது. என் மகளுக்கு இதுதான் தொட்டியிலேயே பிடித்த விளையாட்டு.

ஆகவே விதி இதுதான்: பச்சை இருக்கும் இலையைத் தொட வேண்டாம். பாதி மஞ்சளையும் விடுங்கள். தண்டு வரைக்கும் முழுக்கப் பழுப்பாகிக் காய்ந்ததை மட்டும் வெட்டலாம், அதுவும் நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே. தண்ணீருக்கடியில் வெட்டினால் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி, கிழங்கு உள்ளிருந்து அழுகும். அடைமழையில் மட்டம் ஏறும் என்பதால்தான் ஒரு சாண். குட்டையாக வெட்டிய தண்டு ஒரே இரவில் மூழ்கிவிடும்.

வெட்டியதைத் தொட்டிக்குள் போடாதீர்கள். விழுந்து மிதக்கும் மாவிலை, பலா இலைகளையும் வாரம் இரண்டு தடவை பொறுக்கி எடுங்கள். அழுகும் இலை தண்ணீரிலுள்ள காற்றைத் தின்றுவிடும்.

7. இதற்கிடையில் நுளம்பு

சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தவற விடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டப்படி, உங்கள் வளவில் குடம்பி (நுளம்புப் புழு) இருந்தால் பொறுப்பு உங்களுடையது. பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும் முதல் சாமான் தாமரைத் தொட்டிதான்.

கப்பி மீன் இருந்தால் பயமில்லை. இருக்கிறதா என்பதுதான் கேள்வி: ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் எண்ணிப் பாருங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒரு நாள் வாளியில் வைத்துவிட்டு ஊற்றவும். கடலுக்குக் கிட்டவுள்ள கிணறு உவராக இருந்தால் அதைத் தாமரைக்கு ஊற்றவே வேண்டாம். இலை ஓரம் கருகும். சாக்கு, பழைய பேசின், வாளி எதையும் மழையில் நிமிர்த்தி வைக்காதீர்கள். தொட்டிக்குள் மீனை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த சிரட்டையில் நுளம்பு வளர்த்தவர்களும் இருக்கிறார்கள்.

தொட்டி ஓரத்தில் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் அது நத்தை. சுரண்டி எடுத்து நசுக்கிவிடுங்கள், குஞ்சு வந்தால் இளம் இலை ஒன்றும் மிஞ்சாது.

8. மார்கழி: செத்துவிட்டதா?

மார்கழியில் நிமிர்ந்த இலை ஒன்றும் இல்லாமல், உள்ளங்கை அளவில் இரண்டு மூன்று இலை மட்டும் மிதக்கும். சிலவேளை அதுவும் இராது. பயப்பட வேண்டாம். தொட்டியைக் கவிழ்க்கவும் வேண்டாம்.

மணந்து பார்ப்பது எளிய சோதனை. சேற்று மணம் வந்தால் சரி. சாக்கடை மணமும் கறுத்த தண்ணீரும் என்றால் உள்ளே ஏதோ அழுகுகிறது. அப்படியானால் மட்டும் தண்ணீரை இறைத்து மாற்றுங்கள், சேற்றைக் கிளறாமல். விரலை விட்டுக் கிழங்கைத் தேடினீர்களோ, நுனி முளை முறியும். அது கத்திரிக்காய்க் காம்பு அளவுகூட இல்லாத மெல்லிய சாமான். அந்த முளையிலிருந்துதான் அடுத்த வருடத்துத் தாமரை வர வேண்டும்.

9. பொங்கலுக்குப் பிறகு: கிழங்கை எடுப்பது

தை, மாசி கொழும்பில் வருடத்திலேயே மழை குறைந்த காலம். வெயில் திரும்பிவிட்டது, கிழங்கு இன்னும் ஓடத் தொடங்கவில்லை. இந்த இடைவெளிதான் வேண்டியது. பங்குனிக்குத் தள்ளிப் போட்டால் புதுக் கொடி கிளம்பிவிடும், எடுக்கும்போது முறியும்.

எல்லா வருடமும் எடுக்கத் தேவையில்லை. போன வருடம் பூ குறைந்து இலை மட்டும் நெருக்கமாக வந்திருந்தால் தொட்டிக்குள் இடம் முடிந்துவிட்டது, எடுங்கள்.

மீனை வாளிக்கு மாற்றி, தண்ணீரை வடித்து, தொட்டியைச் சரித்துச் சேற்றை ஒரே கட்டியாகப் புரட்டுங்கள். மண்வெட்டி, கரண்டி ஒன்றும் வேண்டாம். தோட்டக் குழாயை மெதுவாகத் திறந்து விட்டு, மண்ணைத் தண்ணீரே கரைக்கட்டும். கிழங்கு பெரும்பாலும் அடியில், சுவரை ஒட்டிப் பாம்பு மாதிரிச் சுருண்டிருக்கும். வெளுப்பாக, கணுக் கணுவாக. முனை எது என்று கண்ணால் கண்ட பிறகுதான் கையை வைக்க வேண்டும்.

முறியாத நுனி முளை ஒன்று, அதற்குப் பின்னால் குறைந்தது இரண்டு கணு. இதுதான் ஒரு துண்டு. கணுவிலேயே வெட்டாமல், கடைசிக் கணுவுக்கு அப்பால் இரண்டு விரல் விட்டு வெட்டுங்கள். கணு, துளைகளுக்கு அடைப்பு மாதிரி. அது முழுதாக இருந்தால் சேறு உள்ளே போகாது. அழுத்தினால் கல் மாதிரி இருப்பது நல்லது. மெத்தென்று இருப்பதை எறியுங்கள், பரிதாபம் பார்க்க வேண்டாம்.

தடித்த கிழங்கை ஈரத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் மரக்கறித் தட்டில் சில வாரம் வைக்கலாம். மெல்லிய கொடி அதைத் தாங்காது. எடுத்த அன்றே, ஒட்டியிருக்கும் இலையோடு சேர்த்து, மறுபடி சேற்றுக்குள் போக வேண்டும். இதற்காகத்தான் வகையை எழுதி வைக்கச் சொன்னேன்.

மரக்கறிச் சந்தையில் விற்கும் தாமரைக் கிழங்கை நட்டால் வருமா என்று கேட்பார்கள். கறிக்கு வரும் கிழங்கில் நுனி பெரும்பாலும் முறிந்திருக்கும். பிரட்டல் கறி வைக்கலாம்.

10. மறுபடி நடுவது

புது மண்ணைக் குழைத்து 15 சென்டிமீட்டருக்குப் பரப்புங்கள். கிழங்கைச் சுவரோரமாக வைத்து, நுனியை நடுவை நோக்கித் திருப்புங்கள். முன்னால் ஓட இடம் கிடைக்கும். நுனி இரண்டு மூன்று விரல் ஆழத்தில், வெட்டிய வால்பக்கம் கொஞ்சம் மேலே எழும்பி இருக்கட்டும். நடுக்கிழங்கின் மேல் தட்டையான ஒரு கல், நுனி மேல் படாமல்.

தண்ணீர் நான்கு விரல் மட்டும். ஆழமில்லாத நீர் வெயிலில் கெதியாகச் சூடாகும், சூடானால்தான் முளை அசையும். தொட்டி முழுக்க நிரப்பிவிட்டு "இருபது நாளாகியும் ஒன்றும் வரவில்லை" என்பவர்கள் எத்தனையோ பேர்.

முதல் இரண்டு வாரமும் மேலே ஒரு வலை போட்டு வையுங்கள். கொழும்புக் காகத்துக்குப் புதிதாக நட்ட எதையும் இழுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது.

11. முதல் உரம் எப்போது

முதலில் மிதக்கும் இலைகள் வரும். அவசரப்பட வேண்டாம், அப்போது கிழங்கு தன் கையிருப்பைத்தான் செலவழிக்கிறது, புது வேர் போதாது, உரம் சுட்டுவிடும். தண்ணீருக்கு மேலே நிமிர்ந்த இலை மூன்று வந்த பிறகு, கலப்பு உரம் ஒரு தேக்கரண்டி. பத்திரிகைத் துண்டில் சுற்றி, களிமண் உருண்டைக்குள் வைத்து, சுவரோரமாக ஆழத்தில் அழுத்துங்கள், புது இலை கிளம்பும் பக்கத்துக்கு எதிரே. தண்ணீரில் தூவினால் பாசிதான் வளரும். பிறகு இருபது நாளுக்கு ஒரு தடவை, ஆவணி கடைசி வரை. இலை கூடக் கூட நீர்மட்டத்தையும் உயர்த்துங்கள்.

தை கடைசியில் நட்டால், சித்திரைக்கும் வெசாக்குக்கும் இடையில் மொட்டு பார்க்கலாம். வெசாக் கிட்டும்போது மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பூ கேட்டு வருவார்கள், முன்கூட்டியே எண்ணி வையுங்கள். ஒரு பூ நான்கு நாள்தான் நிற்கும். விகாரைக்கும் சாமிக்கும் மொட்டாகவே பறிப்பது வழக்கம். பறிக்கும்போதும் நீர்மட்டத்துக்கு மேலேதான் வெட்டு.

12. கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் கேட்டால்

என் அக்கா ரொறன்ரோவில் தாமரை வைத்திருக்கிறா. அவவுக்கு நான் மேலே சொன்னதில் பாதி எதிர்மாறு.

உரத்தை ஓகஸ்ட்டோடு நிறுத்துவது அங்கேயும் உண்டு. அங்கே காரணம், செடி இலையை விட்டுவிட்டுக் கிழங்கில் சேமிக்கட்டும் என்பது. முதல் உறைபனியில் இலை கறுத்து விழும் வரை வெட்டாமல் விட வேண்டும். பிறகு காய்ந்த தண்டை நீருக்கு மேலே வெட்டி, சட்டியை ஐஸ் எட்டாத ஆழத்துக்கு இறக்கலாம். ஆழமான குளம் இல்லாவிட்டால் தண்ணீரை வடித்துவிட்டு, ஈரச் சேற்றோடு உறையாத குளிர் அறையில் வைக்கலாம், 4 முதல் 7 பாகை நல்லது. மாதம் ஒரு தடவை சேறு காய்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

அக்கா முதல் வருடம் அதை ஹீட்டர் ஓடும் கீழ்த்தட்டில் வைத்தா. ஜனவரியில் சூடு பட்டு முளைத்தது. வெளிச்சம் இல்லை, கையிருப்பும் முடிந்தது, மார்ச்சில் போய்விட்டது. இப்போது கராஜில் வைத்து, ஐஸ் பயம் தீர்ந்து தண்ணீர் 15 பாகையைத் தாண்டிய பிறகுதான் வெயிலுக்குக் கொண்டுவாறா. அவ தொட்டியை வெளியே எடுக்கும் அந்த மே மாதத்தில் இங்கே எனக்கு இரண்டாவது மொட்டு விரிந்திருக்கும். அதைப் படம் எடுத்து அனுப்பினால் இரண்டு நாளைக்குப் பதில் வராது.